ஏழாவது அச்சு: ரோபோ கையோடு ஒரு சுழல் மேசையைச் சேர்ப்பது எப்படி?

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவையினர் வந்தபோது, கவிதைக்கும் சிறுகதைக்கும் நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை, நாம் பாடத்தையே எழுதிவிடுவோம் என்று தீர்மானித்தேன். பயப்பட வேண்டாம். பரீட்சைக்கு வரும் பாடமல்ல இது. வேலைக்குப் போனபின் வரும் பாடம்.

ரோபோ பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆறு அச்சு, கிரிப்பர், சென்சார் என்று மூன்று பக்கம் எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் ஒரு வெல்டிங் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். ரோபோ கை தனியாக நிற்காது. அதன் எதிரே ஒரு சுழல் மேசை இருக்கும். அங்குள்ளவர்கள் அதைப் 'பொசிஷனர்' என்பார்கள். வெல்டிங் செய்ய வேண்டிய பொருளை அதில் பூட்டிவிட்டால், மேசை திருப்பித் திருப்பிக் கொடுக்கும், கை வெல்டிங் போடும். கடந்த விடுமுறையில் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நான்கு வாரம் பயிற்சி பெற்றேன். கையைவிட மேசையால்தான் அங்கே தலைவலி அதிகம். அந்த மேசையை, அதாவது ஏழாவது அச்சை, ஒரு கையோடு எப்படிச் சேர்ப்பது என்பதை நமக்குத் தெரிந்த கணக்கையும் நம் ஒர்க் ஷாப் அனுபவத்தையும் வைத்தே விளக்க முயல்கிறேன்.

கட்டுரை முழுவதும் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த நொடியில் மேசை எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது கைக்குத் தெரியுமா?" மோட்டார் எந்தக் கம்பெனி, டிரைவ் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

ஆறு போதாதா?

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும். எப்படிச் சாய்ந்து திரும்பி நிற்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. ஆக மொத்தம் ஆறு. அதனால்தான் கைக்கு ஆறு அச்சு.

1961ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. ஹைட்ராலிக் சக்தியில் இயங்கிய அது செய்த வேலை, டை காஸ்டிங் எந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பது. 1973ல் ஜெர்மனியின் கூக்கா நிறுவனம் ஆறு அச்சுகளும் மின்மோட்டாரால் ஓடும் 'ஃபாமுலஸ்' ரோபோவைச் செய்தது. இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கும் வேலைக்கு ஆறு அச்சு தாராளம். வெல்டிங் என்று வந்தால் மூன்று தடைகள் எழுகின்றன.

ஒன்று, புவியீர்ப்பு. உருகிய உலோகம் தண்ணீர் மாதிரிதான், கீழே ஓடும். வெல்டிங் பிராக்டிகலில் தட்டையாகப் போட்ட பீடு எப்படி வந்தது, செங்குத்தாகப் போட்டது எப்படி வந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரோபோவின் கை நடுங்காது என்பதற்காக உலோகம் மேல்நோக்கி ஓடிவிடாது.

இரண்டு, மணிக்கட்டு. ஒரு குழாயைச் சுற்றி முழு வட்டம் வெல்டிங் போட வேண்டுமென்றால் டார்ச்சும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். டார்ச் கேபிள் கையில் பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும். மணிக்கட்டு அச்சுகளுக்கும் இவ்வளவு டிகிரிதான் என்று எல்லை உண்டு.

மூன்று, மறைவு. பொருளின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஃபிக்ஸ்சரே மறைத்துக்கொண்டிருக்கும். ஆறு அச்சு இருந்தும் எட்டாது.

மூன்றுக்கும் ஒரே மருந்து, பொருளைத் திருப்பிக் கொடுப்பது. வீட்டுக் கிரைண்டரைப் பாருங்கள். பாத்திரம் சுற்றுகிறது, அம்மாவின் கை ஓரிடத்தில் நின்று மாவைத் தள்ளிவிடுகிறது. கை வட்டமாக ஓட வேண்டிய அவசியமில்லை.

சேர்ப்பதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, திருப்பி நிறுத்திவிட்டு வேலை செய்வது. மேசைக்குச் சொந்த மோட்டார், சொந்த டிரைவ், சொந்தப் பெட்டி. ரோபோ "சுற்று" என்று 24 வோல்ட் சிக்னல் கொடுக்கும். மேசை 90 அல்லது 180 டிகிரி திரும்பி, பூட்டிக்கொண்டு, "வந்துவிட்டேன்" என்று பதில் சிக்னல் கொடுக்கும். அதன்பின் கை வேலையைத் தொடங்கும். இது நம் டிவைடிங் ஹெட்டேதான். கிராங்கைச் சுற்று, பின்னை ஓட்டையில் போடு, பூட்டு, அப்புறம் வெட்டு. மேசை நிற்கும்போது மட்டும் வேலை நடப்பதால், கைக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம்: மேசை சரியான இடத்தில் நிற்கிறதா, இல்லையா?

இரண்டாம் வழி, ரோபோ கன்ட்ரோலரே மேசையையும் ஓட்டுவது. ரோபோ கம்பெனியே தரும் மோட்டார், டிரைவ் ஆகியவை கன்ட்ரோலரோடு இணைந்திருக்கும். ஏ.பி.பி. ரோபோவில் ஒவ்வொரு புள்ளியைப் பதிவு செய்யும்போதும், கையின் நிலையோடு ஆறு வெளி அச்சுகளுக்கான இடமும் சேர்ந்தே பதிவாகும். பயன்படுத்தாத இடங்களில் 900 கோடி என்ற எண் உட்கார்ந்திருக்கும். "இங்கே அச்சு எதுவும் இல்லை" என்று அதற்குப் பொருள். முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டு போவார்கள்! கூக்காவில் இந்த அச்சுகளுக்கு இ1 முதல் இ6 வரை பெயர். இந்த வழியில் கையும் மேசையும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

மூன்றாம் வழி, மேசையை ஓட்டுவது வெளி டிரைவ். ஆனால் இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். ஏற்கெனவே ஒரு மேசை இருக்கிறது, அல்லது வேறு கம்பெனி மேசை மலிவாகக் கிடைக்கிறது, அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிலையில் இந்த வழி வரும். மேசையின் அச்சில் ஒரு என்கோடரைப் பொருத்தி, அதன் பல்ஸ்களை ரோபோ கன்ட்ரோலருக்குள் கொடுப்பார்கள். ஓடும் கன்வேயரிலிருந்து பொருளை எடுக்கும் ரோபோ எப்படிப் பெல்ட்டின் நகர்வைப் படித்துக்கொண்டே ஓடுகிறதோ, அதே தத்துவம்தான். பெல்ட் நேராக ஓடுகிறது, மேசை வட்டமாக ஓடுகிறது. செலவு குறையும், வேலை கூடும்.

வட்டக் குழாயும் சதுரக் குழாயும்

எந்த வழி வேண்டும் என்பதைப் பொருளின் உருவம்தான் தீர்மானிக்கிறது. ஓர் உதாரணம் போடுவோம்.

200 மி.மீ. வெளிவிட்டமுள்ள வட்டக் குழாயை ஒரு ஃபிளாஞ்சில் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். வேகம் நொடிக்கு 6 மி.மீ. சுற்றளவு 628 மி.மீ. ஆக ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 105 நொடி. மேசையின் வேகம் 0.573 ஆர்.பி.எம். குழாயின் மையமும் மேசையின் மையமும் ஒன்றாக இருந்தால், டார்ச் ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் நிற்கலாம். மேசை சீரான வேகத்தில் சுற்றினால் போதும். கோணம் கைக்குத் தெரியாவிட்டாலும் வெல்டிங் நன்றாகவே வரும்.

இப்போது குழாயை மாற்றுங்கள். 100 மி.மீ. பக்கமுள்ள சதுரக் குழாய். மையத்திலிருந்து பக்கத்தின் நடுவுக்கு 50 மி.மீ.; மூலைக்கு 70.7 மி.மீ. மேசை சுற்றச் சுற்ற டார்ச் 20.7 மி.மீ. மேலே ஏறி இறங்க வேண்டும். இது எல்லோருக்கும் உடனே புரியும். புரியாமல் போவது வேகம். "ஆரம் 41 சதவீதம்தானே கூடுகிறது, வேகமும் 41 சதவீதம்தானே கூடும்?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கோட்டை விடுவோம்.

டார்ச், மேசையின் மையத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவிலிருந்து டார்ச் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்பது 50 × டேன்ஜென்ட் கோணம். இதை வகையீடு செய்தால் வேகம் கிடைக்கும்: 50 × செக்கண்ட் வர்க்கம் × மேசையின் கோண வேகம். பக்கத்தின் நடுவில் கோணம் 0, செக்கண்ட் வர்க்கம் 1. மூலையில் கோணம் 45, செக்கண்ட் வர்க்கம் 2. அதாவது மேசை ஒரே சீராகச் சுற்றினால், நடுவில் நொடிக்கு 6 மி.மீ. ஆக இருந்த வெல்டிங் வேகம் மூலையை நெருங்கும்போது 12 மி.மீ. ஆகிவிடும். கம்பி வரத்து மாறவில்லை. எனவே மூலையில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பாதி உலோகம், பாதி வெப்பம்.

சதுரக் குழாயின் மூலைதான் பளு குவியும் இடம் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படித்தோம். அதே இடத்தில் வெல்டிங் பாதியாக மெலிகிறது! மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தின் மேல் ஏறி நிற்கப் போகிறவருக்குத்தான் ஒருநாள் தெரியும்.

தொழிற்சாலைக் குழாயின் மூலை கத்திபோல இருக்காது, கொஞ்சம் வளைந்திருக்கும். அதனால் எண்கள் சற்று மாறும். ஆனால் பாடம் மாறாது. மூலைக்கு வரும்போது மேசை வேகத்தைக் குறைக்க வேண்டும், கை ஏற வேண்டும், டார்ச் சாய வேண்டும். மூன்றும் ஒரே கோணத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கோணம் கைக்குத் தெரியாமல் இது நடக்காது. முதல் வழியில் செய்வதானால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி நிறுத்திப் போடலாம். மூலையில் வெல்டிங் தொடக்கமும் முடிவும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓட்டமாகப் போட வேண்டுமென்றால் இரண்டாம் வழி அல்லது மூன்றாம் வழிதான்.

மோட்டாரும் கியரும்

வட்டக் குழாய்க்குத் தேவை 0.573 ஆர்.பி.எம். சாதாரண 1440 ஆர்.பி.எம். இண்டக்‌ஷன் மோட்டாரைப் போட்டால் கியர் விகிதம் 2500க்கு மேல் வேண்டும். அவ்வளவு குறைத்துவிட்டால், பொருளை மாற்ற 180 டிகிரி திரும்புவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். 180 டிகிரியை 3 நொடியில் திருப்ப வேண்டுமென்றால் சராசரி 10 ஆர்.பி.எம்.; பாதி நேரம் வேகமெடுத்துப் பாதி நேரம் வேகம் குறைத்தால் உச்சம் 20 ஆர்.பி.எம். இப்போது 100க்கு 1 கியர் பாக்ஸ் உள்ள சர்வோ மோட்டாரை வைத்துப் பாருங்கள். வெல்டிங்கில் மோட்டார் 57 ஆர்.பி.எம்., திருப்பும்போது 2000 ஆர்.பி.எம். 3000 ஆர்.பி.எம். சர்வோ மோட்டார் இரண்டையும் செய்யும்.

அடுத்து இனர்ஷியா. பொருளும் ஃபிக்ஸ்சரும் சேர்ந்து 200 கிலோ, 0.4 மீட்டர் ஆரமுள்ள தட்டு என்று வைத்துக்கொண்டால், பாதி × எடை × ஆரத்தின் வர்க்கம் = 16 கிலோ மீட்டர் வர்க்கம். கியர் வழியாக மோட்டாருக்குத் தெரிவது இதை 100ன் வர்க்கத்தால், அதாவது 10,000ஆல் வகுத்தது: 0.0016. மலையளவு பளு கடுகளவு ஆகிவிட்டது. கியர் பாக்ஸ் முறுக்குவிசையைக் கூட்ட மட்டும் இருப்பதல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஆனால் மேசையின் அச்சு படுக்கையாக இருந்தால் இன்னொரு பளுவும் உண்டு. அதே 200 கிலோவின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளியிருந்தால், சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவே 98 நியூட்டன் மீட்டர் வேண்டும். கரண்ட் போனால் அது தானே சுற்றி விழும். எனவே கரண்ட் இருக்கும்போது திறந்து, கரண்ட் போனால் ஸ்பிரிங்கால் பூட்டிக்கொள்ளும் பிரேக் கட்டாயம்.

கியர் விகிதத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும்போது பின்னமாகவே சொல்ல இடமிருந்தால் பின்னமாகவே சொல்லுங்கள். 71 பல்லும் 23 பல்லும் உள்ள ஜோடியின் விகிதம் 3.0869565... என்று போய்க்கொண்டே இருக்கும். அதை 3.087 என்று சுருக்கினால் ஒரு சுற்றுக்கு 0.005 டிகிரிதான் பிழை. "இதெல்லாம் ஒரு பிழையா?" என்று கேட்கலாம். மேசை ஒரே திசையில் 1000 சுற்று சுற்றினால் அதுவே 5 டிகிரி! காலை ஷிப்டில் சரியாக விழுந்த வெல்டிங் போகப் போக இடம் தள்ளி விழுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

எண்ணிக்கை வேறு, துல்லியம் வேறு

2500 கோடுள்ள என்கோடர் மோட்டாரில் இருக்கிறது. கோடு ஒன்றுக்கு நான்கு பல்ஸ், மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 10,000. கியர் 100. ஆக மேசையின் ஒரு சுற்றுக்குப் பத்து லட்சம் பல்ஸ். 100 மி.மீ. ஆரத்தில் ஒரு பல்ஸ் என்பது 0.0006 மி.மீ. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

இப்போது கியர் பாக்ஸில் 6 ஆர்க் நிமிடம், அதாவது 0.1 டிகிரி பேக்லாஷ் இருக்கிறது என்று வையுங்கள். 100 மி.மீ. ஆரத்தில் அது 0.17 மி.மீ. 500 மி.மீ. ஆரத்தில் 0.87 மி.மீ. வெல்டிங் கம்பியின் விட்டம் 1.2 மி.மீ.; டார்ச் அதில் பாதி தூரம் தவறினாலே பீடு இணைப்பை விட்டு விலகத் தொடங்கும். பத்து லட்சம் பல்ஸும் இங்கே உதவிக்கு வராது. ஏனென்றால் என்கோடர் எண்ணுவது மோட்டாரை. பொருள் இருப்பது கியருக்கு இந்தப் பக்கம்.

மில்லிங் எந்திரத்தில் நம் இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்வார் அல்லவா, "எப்பவும் ஒரே பக்கத்திலேர்ந்து வா, தாண்டிட்டா பின்னாடி போய்த் திரும்ப வா" என்று? அதே விதி இங்கும் பொருந்தும். பேக்லாஷ் குறைந்த கியர் பாக்ஸ் வாங்குவது ஒன்று; ஒரே திசையிலிருந்து நிலைக்கு வருவது இன்னொன்று; என்கோடரை மேசையின் அச்சிலேயே பொருத்துவது மூன்றாவது.

மையம் எங்கே?

மேசையைப் போல்ட் போட்டுத் தரையில் இறுக்கியாயிற்று. மேசை சுற்றுகிறது. அதன் மையம் கையின் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கைக்கு யார் சொல்வது? டேப் வைத்து அளந்து சொல்ல முடியாது. கையையே விட்டு அளக்க வேண்டும்.

முறை எளிது. மேசையின் ஓரத்தில் ஒரு கூர்முனைக் குறி வையுங்கள். கையின் நுனியிலும் ஒரு கூர்முனை. மேசையை ஒரு கோணத்தில் நிறுத்தி, கையின் முனையால் குறியைத் தொட்டு, அந்த இடத்தைப் பதிவு செய்யுங்கள். மேசையைத் திருப்பி மறுபடி. இன்னொரு முறை. மூன்று புள்ளிகள் கிடைத்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டம்தான் போகும். நாண்களின் செங்குத்து இருசமவெட்டிகள் சந்திக்கும் இடம் மையம். பத்தாம் வகுப்புக்கு முன்பே படித்த ஜியோமெட்ரி! அந்த வட்டம் கிடக்கும் தளத்துக்குச் செங்குத்தான கோடுதான் மேசையின் அச்சு. மூன்று என்பது குறைந்தபட்சம்; இன்னும் சில புள்ளிகள் எடுத்தால் தொடும்போது நேரும் சிறு பிழைகள் சராசரியில் கரையும்.

இரண்டு எச்சரிக்கைகள். குறியை மையத்துக்கு அருகில் வைக்காதீர்கள்; ஓரத்தில் வையுங்கள். புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எடுக்காதீர்கள். வட்டம் முழுவதும் பரப்பி எடுங்கள். மேலும், கையின் நுனி எங்கே என்று கைக்கே சரியாகத் தெரியாவிட்டால் இந்த வேலை முழுவதும் வீண். டார்ச் நுனியைச் சரிபார்த்த பிறகே மையத்தைத் தேட வேண்டும்.

மையம் 1 மி.மீ. தவறினால் என்ன ஆகும்? மேசை 0 டிகிரியில் இருக்கும்போது கற்றுக்கொடுத்த புள்ளிக்கு, 180 டிகிரி திரும்பியபின் கை போகும் இடம் 2 மி.மீ. தள்ளியிருக்கும். ஒன்று எப்படி இரண்டானது? தவறான மையத்தைச் சுற்றி அரைவட்டம் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மையம் கிடைத்தபின் புள்ளிகளை மேசையோடு சுற்றும் ஃபிரேமில் கற்றுக்கொடுக்க வேண்டும், தரையோடு நிற்கும் ஃபிரேமில் அல்ல. பஸ்ஸில் உங்கள் சீட் எது என்றால் "டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது" என்பீர்களே தவிர, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்ல மாட்டீர்கள். அதே மாதிரி.

வெளி டிரைவ் என்றால்

மூன்றாம் வழியில் அனுபவசாலிகளும் தடுமாறும் மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, பழைய சிக்னல். ரோபோ "சுற்று" என்கிறது. அடுத்த வரியிலேயே "வந்துவிட்டாயா?" என்று பார்க்கிறது. மேசை இன்னும் கிளம்பவே இல்லை. முந்தைய நிலையின் "வந்துவிட்டேன்" சிக்னல் அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. ரோபோ அதை நம்பி வெல்டிங் தொடங்கிவிடும், மேசை அப்போதுதான் கிளம்பும். மருந்து: முதலில் சிக்னல் அணைந்ததா என்று பார், பிறகு எரிந்ததா என்று பார். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி சிக்னல் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, அனலாக் வோல்டேஜ். ரோபோ 0 முதல் 10 வோல்ட் வரை கொடுக்க, டிரைவ் அதை 0 முதல் 3000 ஆர்.பி.எம். ஆக்கும் என்று வைப்போம். நமக்கு வேண்டிய 57 ஆர்.பி.எம்.க்கு 0.19 வோல்ட். கேபிளில் வெறும் 10 மில்லிவோல்ட் பிழை புகுந்தால் 3 ஆர்.பி.எம்.; அதாவது வேகத்தில் 5 சதவீதம். "நில்" என்று 0 வோல்ட் கொடுத்தாலும் அதே 10 மில்லிவோல்ட்டில் மேசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 டிகிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் இடத்தில் 10 மில்லிவோல்ட் இரைச்சல் ஒன்றும் பெரிய அதிசயமில்லை. எனவே நிலையைப் பிடித்து நிற்கும் பொறுப்பை டிரைவிலேயே வையுங்கள். கட்டளையை டிஜிட்டலாக அனுப்புங்கள்.

மூன்றாவது, தாமதம். என்கோடர் சொன்னது கையின் அசைவாக மாற 50 மில்லி நொடி ஆகிறது என்றால், நொடிக்கு 6 மி.மீ. வெல்டிங்கில் கை 0.3 மி.மீ. பின்தங்கும், பரவாயில்லை. அதே ஏற்பாட்டில் நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் பசை தடவினால் 5 மி.மீ. பின்தங்கும். வேகம் மாறாதவரை இதைக் கணக்கிட்டுச் சரிசெய்யலாம். வேகம் மாறிக்கொண்டே இருந்தால் பிழையும் மாறிக்கொண்டே இருக்கும்.

இத்துடன் ஒரு சின்ன விஷயம், எர்த். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகச் சரியான பாதை தராவிட்டால் அது மேசையின் பேரிங் வழியாகப் போய்ப் பேரிங்கைத் தின்றுவிடும். சுழலும் பாகத்தோடு உரசி நிற்கும் எர்த் பிரஷ் தனியாக வேண்டும்.

கை நின்றது, மேசை நின்றதா?

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை.

பயிற்சியின் இரண்டாவது வாரம். அங்கே ஒரு பழைய ரோபோவுக்குப் பின்னாளில் வெளி ஆள் ஒருவர் மேசை சேர்த்துக் கொடுத்திருந்தார். ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, வேலிக்கு வெளியே நிற்கவைத்து, ரோபோவின் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திக் காட்டினார். கை சட்டென்று நின்றது. மேசை தன்பாட்டுக்கு அரைச் சுற்றை முடித்துவிட்டுத்தான் நின்றது.

"பார்த்தியா தம்பி, கை நின்னுடுச்சு, இது நிக்கல. புதுசா வர்றவன் கை நின்னதும் எல்லாம் நின்னுடுச்சுன்னு நெனச்சு உள்ள போவான்" என்றார் அவர்.

"ஏண்ணே இப்படி?" என்று கேட்டேன்.

"இதோட பட்டன் அதோட பெட்டியில தனியா இருக்கு. ரெண்டையும் யாரும் சேர்க்கல" என்றார்.

சிக்னல் வேலை செய்கிறது, வெல்டிங் நன்றாக வருகிறது, உற்பத்தி நடக்கிறது. ஆனால் ஆபத்து நேரத்தில் கைக்கு மேசையையும், மேசைக்குக் கையையும் தெரியாது. நான் கிளம்புவதற்குள் இரண்டு பெட்டியையும் ஒரே சேஃப்டி ரிலேயில், இரட்டை லைனாக இணைத்துவிட்டார்கள். வேலிக் கதவைத் திறந்தாலும், எந்தப் பட்டனை அழுத்தினாலும் இரண்டும் நிற்கும். இணைத்தபின் அந்த அண்ணனே ஒவ்வொரு பட்டனாக அழுத்திச் சோதித்துப் பார்த்தார்.

கணக்கிலும் ஒன்று காட்டுகிறேன். கற்றுக்கொடுக்கும் நிலையில், ஆள் வேலிக்குள் நிற்கும்போது, ரோபோ கையின் நுனி நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் ஓடக் கூடாது என்பது விதி. கன்ட்ரோலர் தன் கையை அப்படிக் கட்டுப்படுத்தும். வெளி டிரைவுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மேசை 20 ஆர்.பி.எம். உச்சத்தில் திரும்பும்போது, 500 மி.மீ. ஆரத்தில் அதன் ஓரம் நொடிக்கு 1047 மி.மீ. வேகத்தில் வரும். விதியைப் போல நான்கு மடங்கு! 250க்குள் அடக்க வேண்டுமென்றால் மேசை 4.7 ஆர்.பி.எம்.ஐத் தாண்டக் கூடாது. எனவே 'ஆள் உள்ளே இருக்கிறார்' என்ற சிக்னலும் மேசைக்குப் போக வேண்டும். ரோபோவோடு பிற எந்திரங்களைச் சேர்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 10218 தரவரையின் இரண்டாம் பாகம் இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் கிடைத்தால் அவசியம் படியுங்கள்.

எமர்ஜென்சியில் மோட்டாரின் கரண்டைச் சட்டென்று துண்டித்துவிட்டால் போதும் என்று நினைக்கவும் கூடாது. முன்பு சொன்ன 98 நியூட்டன் மீட்டர் ஞாபகம் இருக்கட்டும். பிரேக் பிடிக்கும் முன் கரண்ட் போனால் பளுவே மேசையைச் சுற்றிவிடும். முதலில் டிரைவ் வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், பிறகு கரண்ட் போக வேண்டும்.

நம் ஒர்க் ஷாப்பில் செய்து பார்க்க

"நம்ம காலேஜில் ரோபோ எங்கே இருக்கு?" என்று கேட்பது காதில் விழுகிறது. ரோபோ வேண்டாம். டிவைடிங் ஹெட் இருக்கிறதே! அதன் விகிதம் 40க்கு 1. கிராங்கைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள ஸ்டெப்பர் மோட்டாரை இணைத்தால், ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு 8000 ஸ்டெப். ஒரு ஸ்டெப்புக்கு 0.045 டிகிரி. வெளி டிரைவ் உள்ள ஒரு சுழல் அச்சு தயார். புராஜெக்ட் தேடும் நண்பர்களுக்கு மூன்று சோதனைகள் சொல்கிறேன்.

1. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைப் பிடித்து, 100 மி.மீ. ஆரத்தில் டயல் கேஜ் வையுங்கள். ஒரு திசையில் வந்து நிறுத்தி அளவு எடுங்கள். எதிர்த் திசையிலிருந்து அதே ஸ்டெப்புக்கு வந்து அளவு எடுங்கள். வித்தியாசம்தான் பேக்லாஷ். அதை டிகிரியாக மாற்றுங்கள்.

2. டிவைடிங் ஹெட்டை நிமிர்த்தி மில்லிங் மேசையில் கட்டுங்கள். மில்லிங் ஸ்பிண்டிலில் ஒரு கூர்முனை. ஹெட்டின் முகத்தில் ஒரு குறி. 0, 90, 180 டிகிரிகளில், மில்லிங் மேசையை நகர்த்திக் குறியைக் கூர்முனைக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு டயல்களின் அளவையும் குறியுங்கள். 0, 180 இரண்டின் நடுப்புள்ளிதான் மையம். 90ஐ வைத்துச் சரிபாருங்கள். ரோபோ செய்யும் அதே காலிபரேஷன் இது.

3. சதுரக் கம்பியைப் பிடித்து, 5 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வந்தோம் என்று அளந்து கிராஃப் போடுங்கள். மூலையை நெருங்க நெருங்கக் கோடு செங்குத்தாக ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ரோபோ வாங்குவது முதலாளி, விற்பது கம்பெனி, டிசைன் செய்வது எங்கேயோ ஏ.சி. அறையில் இருக்கும் என்ஜினியர். வேலிக்குள் போய் மேசையில் பொருளைப் பூட்டுவதும், புள்ளி கற்றுக்கொடுப்பதும், கோளாறு வந்தால் முதலில் ஓடுவதும் டிப்ளமோ படித்த நாம்தான். ஆகவே நாளை நீங்கள் எந்த ரோபோ முன்னால் நின்றாலும், உள்ளே காலை வைக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மேசை எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியுமா? கை நின்றால் மேசையும் நிற்குமா? இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும்வரை வெளியிலேயே நில்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்டதற்காக யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள்.

புராஜெக்ட்டில் இதைச் செய்ய விரும்புவோர் ஒர்க் ஷாப் பக்கம் வந்தால் சேர்ந்தே செய்யலாம். வாழ்த்துக்கள்!